அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள்: சென்னையில் இரவுச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம்?

குரோம்பேட்டைக்காரன்

அடுத்த மாதம் அம்மாவுக்கு அறுபது முடிகிறது. நாலு வருஷம் முன்னால் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்தோம், அன்றைக்கு அம்மா முழுக்க வந்தவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்தாள், தான் எப்போது சாப்பிட்டாள் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கென்று இதுவரை ஒன்றும் செய்ததில்லை. அதனால் இந்த முறை வீட்டில் அடுப்பே பற்றவைக்க வேண்டாம், வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று நினைக்கிறேன்.

மொத்தம் பன்னிரண்டு பேர். பாட்டிக்கு 82, முழங்கால் வலி, காதும் கொஞ்சம் மந்தம். அம்மாவும் பாட்டியும் சுத்த சைவம். தம்பிக்கும் மச்சானுக்கும் பசங்களுக்கும் பிரியாணி இல்லாமல் பிறந்தநாளே இல்லை. பட்ஜெட் 15,000 ரூபாய். நட்சத்திர ஓட்டல் பஃபே, மொட்டை மாடி உணவகம், நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலில் இருக்கும் சதர்ன் ஸ்பைஸ், இந்த மூன்றும் மனதில் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

முதலில் பில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது கடைசியில்தான் தெரிகிறது. சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஓட்டல் வளாகத்துக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். மெனுவில் 15,000க்குக் கணக்குப் போட்டால் கையை விட்டுப் போவது 17,700. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், அது நம் விருப்பம்தான் என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது, 2025ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

சதர்ன் ஸ்பைஸ் சாப்பாடு அருமை, ஐந்து தென் மாநிலச் சமையலும் கிடைக்கும், சைவத் தாலி மீல்ஸ், அசைவத் தாலி மீல்ஸ் இரண்டும் உண்டு. ஆனால் பன்னிரண்டு பேருக்கு உங்கள் பட்ஜெட்டில் அடங்காது. அம்மா அப்பா இருவரை மட்டும் ஒரு நாள் அங்கே அனுப்பி வையுங்கள்.

தி.நகர் அக்கா

தம்பி, பஃபே வேண்டாம். என் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய பஃபே உணவகத்துக்குக் கூட்டிப் போனோம், பெயர் வேண்டாம். அம்மா சைவம். தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரமாகப் போய் நின்று, பக்கத்துப் பாத்திரத்துக் கரண்டியை யாராவது இதில் போட்டிருப்பார்களோ என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒரு கிண்ணம் தயிர் சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நாங்கள் எல்லாரும் சிக்கனுக்காக மூன்று முறை எழுந்து போய் வந்தோம். ஆளுக்கொரு நேரத்தில் எழுந்து போவதால் மேஜையில் எல்லாரும் ஒன்றாக இருந்தது பத்து நிமிஷம் கூட இருக்காது. அப்புறம் ஊழியர்கள் தட்டைத் தட்டிக்கொண்டு பாட வந்தார்கள், அம்மா பயந்தே போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் "நல்லா இருந்துச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் போட்டுக் குடித்தாளே, அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஒரே ஒரு ராத்திரி எல்லாரும் சைவம் சாப்பிட்டால் என்ன? பிரியாணியை மறுநாள் பசங்களுக்கு வாங்கிக் கொடுங்கள். அம்மாவுக்குப் பிடித்த இடம் ஏதாவது இருந்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள்.

முன்னாள் கேப்டன்

நுங்கம்பாக்கத்திலும் தி.நகரிலும் உணவகங்களில் பதினோரு வருஷம் கேப்டனாக, அதாவது பரிமாறுபவர்களை மேற்பார்வை பார்ப்பவனாக வேலை பார்த்தவன். எந்த இடமாக இருந்தாலும் சில விஷயங்கள்.

மதியம் மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் போன் பண்ணுங்கள், அப்போதுதான் மேனேஜர் நிதானமாகப் பேசுவார். சனி ஞாயிறு எட்டு மணி வேண்டாம், சமையலறை திணறும் நேரம் அது. வார நாளில் ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பாட்டிக்கும் நல்லது. சோபா இருக்கை கொடுத்தால் மறுத்துவிடுங்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். கைப்பிடி உள்ள நாற்காலி கேளுங்கள். வாசலில் எத்தனை படி, லிப்ட் உண்டா, கழிப்பறை அதே தளத்திலா, இதையும் கேட்டுவிடுங்கள். மொட்டை மாடி இடங்களில் லிப்ட் முடிந்த பிறகும் ஒரு மாடி ஏற வேண்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டு பேருக்கு நீள மேஜை போடுவார்கள். பிறந்தநாள்காரரை ஓரத்துத் தலைமாட்டில் உட்கார வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு, அங்கிருந்து பாதிப் பேர் பேசுவது கேட்காது. நடுவில் உட்கார வையுங்கள், பாட்டியை அவருக்குப் பக்கத்தில், ஸ்பீக்கருக்கு எட்டத்தில். கேக் நீங்களே கொண்டு வருவதாக இருந்தால் முன்னாலேயே கேளுங்கள், சைவ உணவகங்களில் முட்டை சேர்த்த கேக்கை உள்ளே விட மாட்டார்கள்.

குரோம்பேட்டைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி அப்பாவிடம் கேட்டேன். கல்யாணமான புதிதில், 1987ல், கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ் இன் உணவகத்துக்கு ஸ்கூட்டரில் அடிக்கடி போவார்களாம். கார்காரர்களுக்குக் கார் கதவிலேயே தட்டை மாட்டிக் கொடுப்பார்கள், இவர்கள் உள்ளே மேஜையில் உட்கார்ந்து ஒரு சன்னா பட்டூராவைப் பாதிப் பாதியாகச் சாப்பிடுவார்களாம். அது 2008லேயே மூடிப்போனது, இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

தி.நகர் அக்கா

அந்த டிரைவ் இன்னை ஆரம்பித்த அதே உட்லண்ட்ஸ் கிருஷ்ணா ராவ் ஆரம்பித்த நியூ உட்லண்ட்ஸ் மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கிறதே! டிரைவ் இன் இருந்த இடத்திலிருந்து பக்கம்தான். சுத்த சைவம், உங்கள் பட்ஜெட்டில் பாதி கூட ஆகாது. லஸ், ராயப்பேட்டை பக்கம் மெட்ரோ வேலையால் வழி மாற்றி விடுகிறார்கள், அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

குரோம்பேட்டைக்காரன்

போன் பண்ணிப் பேசிவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஏழு மணி, பன்னிரண்டு பேர், கைப்பிடி நாற்காலி இரண்டு. தம்பி முதலில் முகத்தைத் தூக்கினான், டிரைவ் இன் கதையைச் சொன்னதும் சரி என்றுவிட்டான். மிச்சப் பணத்தில் அம்மாவுக்கு ஒரு புடவை. இடம் எது என்று அம்மாவிடம் சொல்லவில்லை, மயிலாப்பூர் பக்கம் என்று மட்டும் சொன்னேன். "பட்டூரா கிடைக்குமாடா?" என்று அவளாகவே கேட்டாள்.