தோல் புற்று அறுவைக்குப் பின் நோயாளியின் மனநிறைவை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி (தோல் மருத்துவ மேற்படிப்பு மாணவர்):
முகத்தில் பேசல் செல் புற்று (ஒரு வகைத் தோல் புற்று) வந்து, மோஸ் முறையில் (திசுவைச் சிறிது சிறிதாக எடுத்து, ஓரங்களில் புற்று இல்லையென நுண்ணோக்கியில் உறுதிசெய்யும் முறை) அறுவை செய்துகொண்டவர்களிடம், தையல் பிரிக்கும் நாளில் ‘சிகிச்சை உங்களுக்கு நிறைவளித்ததா?’ என்ற ஒரே வினாவை ஐந்து படிநிலைகளில் கேட்டு வருகிறோம். ஏறக்குறைய எல்லோருமே ‘மிகவும் நிறைவு’ என்று குறிக்கிறார்கள். இதையே ஆய்வு முடிவாக எழுதலாமா?

பதில் (தோல் அறுவை மருத்துவர்):
எழுதலாம், ஆனால் படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியவராது. புற்று நீங்கிய நிம்மதியும், அறுத்தவரே எதிரில் நிற்கும் கூச்சமும் சேர்ந்தால் வேறு விடை வருவது அரிது. எடுத்த திசுவின் ஓரங்களை நுண்ணோக்கியில் பார்த்து முடிக்கும்வரை திறந்த புண்ணோடு காத்திருந்த எரிச்சல், மூக்கில் தெரியும் தழும்பு, புற்று மீண்டும் வருமோ என்ற அச்சம் ஆகிய மூன்றும் வெவ்வேறு சங்கதிகள். மருத்துவர்மீது முழு நிறைவு கொண்டவரே கண்ணாடி பார்ப்பதைத் தவிர்க்கவும் கூடும்.

இவற்றைப் பிரித்துக் கேட்கும் நோயாளி வினாப்பட்டியல்கள் உள்ளன. ‘ஸ்கின் கேன்சர் இண்டெக்ஸ்’ 15 வினாக்களை உணர்வு, சமூக வாழ்வு, தோற்றம் என மூன்றாகப் பிரித்துக் கேட்கிறது. ‘ஃபேஸ்-க்யூ’ என்ற மற்றொரு பட்டியலின் தோல் புற்றுப் பகுதியில் முகத்தோற்றம், தழும்பு, புற்று பற்றிய கவலை ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவுகோல்கள் உண்டு, அவற்றின் மதிப்பெண்கள் 0 முதல் 100 வரை அமையும். உங்கள் நோக்கத்துக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து. பலர் பழக்கத்தால் எடுத்துக்கொள்ளும் டிஎல்கியூஐ (தோல் நோயாளியின் வாழ்க்கைத்தரத்தை அளப்பது) பட்டியல் வேண்டாம். அரிப்பு, வலி, உடை, அன்றாட வேலை என்று கேட்கும் அதில், வலியில்லாத சிறு கட்டியோடு வருபவர் அறுவைக்கு முன்பே நல்ல மதிப்பெண் பெற்றுவிடுவார்.

பதில் (மருத்துவப் புள்ளியியலாளர்):
எந்த நாளில் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். தையல் பிரிக்கும்போது தழும்பு சிவந்து தடித்திருக்கும். அது முதிர்ந்து அடங்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே அறுவைக்கு முன் ஒருமுறையும், சில மாதங்களிலும், ஓராண்டுக்குப் பின்னும் கேளுங்கள். முன்னளவு இல்லையென்றால், பின்னர் கிடைக்கும் எண்ணை எதோடு ஒப்பிடுவீர்கள்? விடைகள் உச்சியில் குவியும்போது சராசரி பயன்படாது. நிறைவில்லை என்றவர்களையும், படிவத்தைத் திருப்பித் தராதவர்களையும் தனியே கணக்கிடுங்கள். படிவத்தை வாங்குபவர் அறுவைக் குழுவைச் சேராதவராக இருத்தல் நலம்.

மாணவர்:
மிக்க நன்றி ஐயா. தழும்பை மருத்துவரும் மதிப்பிட்டால் போதாதா?

பதில் (தோல் அறுவை மருத்துவர்):
தழும்பை மதிப்பிடும் போசாஸ் அளவுகோலில் நோயாளிக்கும், அதைப் பார்த்து மதிப்பிடும் மருத்துவர் போன்றவருக்கும் தனித்தனிப் பகுதிகள் இருப்பதே, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதால்தான். நான் நேர்த்தியென எண்ணும் தழும்பு அரிப்பதாக நோயாளி சொல்வதுண்டு. அரிப்பு என் கண்ணுக்குத் தெரியாது.

பதில் (அறுவைப் பிரிவுச் செவிலியர்):
படிவத்தின் இறுதியில் ‘எதை முன்பே சொல்லியிருக்கலாம்?’ என்று கேட்டு, இரண்டு வரி வெற்றிடம் விடுங்கள். சிறு மருவளவு கட்டிக்கு இவ்வளவு பெரிய காயமா என்ற அதிர்ச்சியே கட்டு மாற்றும் வேளையில் எங்களிடம் அதிகம் வரும் குறை. மருத்துவரிடம் அதை அவர்கள் சொல்வதில்லை.