தீ மஞ்சளாக எரிந்தால்: காஸ், நிலக்கரி அனுபவப் பகிர்வு

லெனேசியா (தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்), காஸ் பொருத்துநர்:
டர்பனில் நீலமாக எரிந்த அடுப்பு ஜோகன்னஸ்பர்க் வந்ததும் நுனி மஞ்சளாகிச் சட்டியடியில் கரி அப்பும். இங்கே உயரம் சுமார் 1,750 மீட்டர். ஒரு லிட்டர் காற்றில் ஆக்சிஜன் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஜெட் (காஸ் வெளிவரும் சிறு துளையுள்ள மூக்கு) வழியாக வரும் காஸோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. காற்று போதாததால் முழுதாக எரியாத கார்பன் கரியாகவும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாகவும் வெளியேறும். இந்த உயரத்துக்கான சிறிய ஜெட்டைத் தயாரிப்பாளரிடம் கேட்டு மாற்றுங்கள். ரெகுலேட்டர் 2.8 கிலோபாஸ்கலுக்கானதா என்றும் பாருங்கள். அதிக அழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டினாலும் இதே மஞ்சள்தான்.

சாட்ஸ்வொர்த், அடுப்புப் பழுது:
இங்கே டர்பனில் கடல் மட்டத்திலும் மஞ்சள் வருகிறது அண்ணே. பெரும்பாலும் பர்னர் குழாயில் சிலந்திக் கூடு, பொங்கி வழிந்த பருப்பு, துரு. காஸை மூடி, பர்னரைக் கழற்றி, காற்று நுழையும் வாயைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தாலே நீலம் திரும்பும். ஜெட்டில் மட்டும் ஊசி விடக் கூடாது. துளை பெரிதானால் காஸ் கூடும், மஞ்சளும் கூடும்.

பெனோனி, ஆக்டன்வில்:
குளிர்காலத்தில் எனக்குப் பெரிய கவலை இம்பாவுலாதான், அதாவது துளையிட்ட தகர டின்னில் நிலக்கரி எரிக்கும் கணப்பு. அடியில் தாளும் விறகும், மேலே நிலக்கரி என்று அடுக்கினால், சூடேறும் நிலக்கரியிலிருந்து வரும் தார் ஆவி எரியாமலே புகையாகப் போகும். தலைகீழாக அடுக்குங்கள்: அடியில் நிலக்கரி, அதன்மேல் தாள், விறகு, உச்சியில் ஒரு கைப்பிடி நிலக்கரி. மேலிருந்து பற்றவைத்தால் ஆவி தீயைக் கடந்தே வெளியேற வேண்டும், வழியிலேயே எரிந்துவிடும். புகை வெகுவாகக் குறையும்.

ஆனால் புகை நின்றுவிட்டது என்று அதை வீட்டுக்குள் தூக்கிவருகிறார்களே, அங்கேதான் உயிர் போகிறது. அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு செங்கனலைக் கடந்து ஏறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. கனலின்மேல் துள்ளும் சின்ன நீலச் சுடர் அது எரிவதுதான். அந்தச் சுடர் அடங்கிய பின் வாயு எரியாமலே அறைக்குள் பரவும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. படுக்கையறைக்குள் கனலைக் கொண்டுபோகவே வேண்டாம்.

லெனேசியா:
காஸ் சிலிண்டரில் வரும் நாற்றம் கசிவைக் காட்டத்தான் சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு அது உதவாது. அலாரம் வாங்கிப் படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள்.

டர்பன், அவசரப் பிரிவு செவிலியர்:
வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம்; ஆனால் காய்ச்சல் இல்லை, வெளியே வந்தால் தேறுகிறது. அப்படியென்றால் சாப்பாட்டைக் குறை சொல்லுமுன் அடுப்பைச் சந்தேகியுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை நம்ப வேண்டாம். மோனாக்சைடு பிடித்த இரத்தத்தையும் அது 98 சதவீதம் என்றே காட்டக்கூடும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிணைகிறது. சாதாரணக் காற்றில் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரமாகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி. ஆகவே வெளியே வந்து தேறியவரையும் மருத்துவமனைக்கு அழைத்துவாருங்கள், கர்ப்பிணியானால் உடனே.