கொப்பி மூடினால் நோயாளி இல்லையா?

சுன்னாகம் சிவா:
நேற்று நவம் அண்ணை இங்கே எழுதியதைப் படித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. "மனநல டொக்டர் தன்னிடம் முன்பு வந்துபோன பெண்ணோடு பழகுவது அவருடைய சொந்த விசயம். அதற்கு மருத்துவ சபைக்குப் பெட்டிசம் போடுவது பொறாமைக்காரர் வேலை" என்கிறார். அவள் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை. புருசன் செத்து, குளிசை போட்டால்தான் நித்திரை என்று இருந்தவள். தாய்க்கும் சொல்லாததை எல்லாம் அந்த ஆளிடம்தான் சொல்லி அழுதாள். இப்போது அதே ஆள் இரவு பதினொரு மணிக்குப் போன் எடுக்கிறார். நான் முறைப்பாடு எழுதத்தான் போகிறேன்.

நவம்:
தம்பி, ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லும். அவளுடைய சிகிச்சை முடிந்து கிளினிக் கொப்பி மூடி எட்டு மாதம். பிறகு எப்படி நோயாளி? 32 வருசம் அரசாங்கக் கச்சேரியில் கோப்புப் பார்த்தவன் நான். மூடின கோப்பு மூடினதுதான்.

ரஞ்சன், ரொறன்ரோ:
இங்கே ஒன்ராறியோவில் 2018இலிருந்து, சிகிச்சை முடிந்து 1 வருடம் போகும்வரை அவர் நோயாளிதான் என்று சட்டமே சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நெறிமுறை இன்னும் கடுமை. முன்னாள் நோயாளியோடும் உடலுறவு கூடாது, கால எல்லையே இல்லை.

நவம்:
கஷ்டகாலத்தில் விட்டுவிட்டுப் போனவர்கள் எங்களுக்குச் சட்டம் படிப்பிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் எந்தச் சட்டத்தில் எட்டு மாதம் போதாது என்று இருக்கிறது? காட்டும்.

ரஞ்சன், ரொறன்ரோ:
நான் விட்டுவிட்டுப் போனேனா? போன வருசம் வாசிகசாலைக் கூரைக்குக் காசு கேட்டு எத்தனை தரம் போன் எடுத்தீர்கள் அண்ணை? அப்போது நான் ஊர்க்காரன்.

நவம்:
அந்தக் கணக்கை வாசிகசாலைக் கூட்டத்தில் கதைப்போம். எட்டு மாதத்துக்குப் பதில் வரவில்லை.

ஓய்வுபெற்ற தாதி:
நான் மனநல வார்ட்டில் வேலை செய்தவள். கொப்பியை மூடுவதும் அந்த டொக்டர்தான் அண்ணை. எட்டு மாதத்தில் கொப்பி மூடும், அவர்மேல் வைத்த நம்பிக்கை மூடாது. அவர் "வா" என்றால் மறுக்கத் தெரியாமல் போகிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

சுன்னாகம் சிவா:
இலங்கையில் மருத்துவக் கட்டளைச் சட்டம் 1927ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. தொழிலுக்கு இழுக்கான நடத்தை என்று கண்டால் பதிவேட்டிலிருந்து பெயரையே வெட்டச் சபைக்கு அதிகாரம் உண்டு. எட்டு மாதம் போதுமா போதாதா என்பதைச் சபை பார்க்கட்டும், கச்சேரி பார்க்க வேண்டாம். சத்தியக்கடதாசி முடித்துச் சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கிக் கொழும்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

கோண்டாவில் அக்கா:
சிவா, அந்தப் பிள்ளையைக் கேட்டீரா?

சுன்னாகம் சிவா:
தாயைக் கேட்டேன். தாய்க்குச் சம்மதம்.

கோண்டாவில் அக்கா:
அவளுக்கு 34 வயது. அவள் டொக்டரிடம் ரகசியமாகச் சொன்னது முழுக்க நாளைக்கு விசாரணையில் வரும். ஊர்ச்சனம் டொக்டரைப் பற்றியா கதைக்கும்? அவள் சொல்லாமல் நீர் பேனையைத் தொடக்கூடாது.

சுன்னாகம் சிவா:
அக்கா, இப்படி ஒவ்வொருவரும் பேசாமல் இருந்துதான் அந்த ஆள் இன்னும் கிளினிக் வைத்திருக்கிறார். நாளைக்கு வேறொரு பிள்ளை போய் இருந்து அழுவாள்.

நவம்:
பார்த்தீரா, அவள் முறைப்பாடே சொல்லவில்லை! எட்டு மாதம், வளர்ந்த பெண், தனி ஆள். இதில் குற்றம் எங்கே?

ஓய்வுபெற்ற தாதி:
உங்களுடைய மகளாக இருந்தால்?

நவம்:
என் மகளை இழுக்க வேண்டாம். மரியாதை கெட்டுப்போகும்.

ரஞ்சன், ரொறன்ரோ:
ஊரார் வீட்டுப் பிள்ளை என்றால் கோப்பு, உங்கள் பிள்ளை என்றால் மரியாதை.

நவம்:
வாசிகசாலைக் காசை நாளைக்கே திருப்பி அனுப்புகிறேன், கணக்கிலக்கத்தைப் போடும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எட்டு மாதம். ஒருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

சுன்னாகம் சிவா:
சத்தியக்கடதாசி எழுதத் தொடங்கிவிட்டேன். இரண்டாம் பக்கம் போகிறது.

கோண்டாவில் அக்கா:
அவளைக் கேட்டீரா, சிவா?