மக்காச்சோளமும் எத்தனாலும்: எந்த மாதத்தில் கேட்டார்கள்?

கரிசல்மண் (பெரம்பலூர்):
வேளாண் சந்தையின் மாறிவரும் போக்குகள் பற்றி, சந்தை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வுமேசை இந்த விவாதக் குழுவில் நேற்று எழுதிய பதிவில், "எத்தனால் ஆலைகளின் தேவையை அறிந்தே தமிழக மானாவாரி விவசாயிகள் பருத்தியை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறுகிறார்கள் என்பதை எங்கள் நிறுவனத்தின் சந்தை ஆய்வு உறுதிசெய்கிறது" என்று இருந்தது. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. வேப்பந்தட்டையிலும் குன்னத்திலும் பருத்தி போட்டிருந்தவர்கள் மக்காச்சோளத்துக்கு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தயாரிக்கும் ஆலைகள் மக்காச்சோளத்தை அள்ளத் தொடங்கியதோ, 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் அவற்றுக்கு மூலப்பொருளாக அரிசி கொடுப்பதை நிறுத்திய பிறகுதான். பின்னால் வந்த ஒன்று முன்னால் நடந்ததற்கு எப்படிக் காரணமாகும்? பருத்தியை விட்டதற்குக் காரணம் பறிகூலி. வெடிக்க வெடிக்க ஒரே காட்டில் பல தடவை ஆள் விட்டுப் பறிக்க வேண்டும், அந்த ஆட்கள் இப்போது கிடைப்பதில்லை. மக்காச்சோளம் ஒரே அறுவடை. கதிரடிக்க இயந்திரம் வந்து நின்றால் மாலைக்குள் களத்தில் குவியல் விழுந்துவிடும்.

ஆய்வுமேசை (சென்னை):
தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் ஒரு வட்டாரத்தின் அனுபவம் தரவு ஆகிவிடாது. மக்காச்சோள எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் தரும் விலை 2024 ஜனவரியில் லிட்டருக்கு 71.86 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெட்ரோலில் 20 விழுக்காடு கலப்பது என்ற இலக்கும் 2030இலிருந்து 2025-26க்கு முன்னகர்த்தப்பட்டது. குவிண்டாலுக்கு 2023-24இல் 2,090 ரூபாயாக இருந்த மக்காச்சோளத்தின் ஆதரவு விலை அடுத்த ஆண்டு 2,225 ஆகி, 2025-26இல் 2,400 ஆனது. இத்தனைக்கும் பிறகு எத்தனாலுக்குத் தொடர்பில்லை என்று சொல்வது கண்ணை மூடிக்கொண்டு சூரியனை மறுப்பது. நாங்கள் விவசாயிகளை நேரில் கேட்டோம். அவர்கள் சொன்னதைத்தான் எழுதினோம்.

கரிசல்மண்:
விலையை நான் மறுக்கவில்லை. நீங்கள் கேட்டது எந்த மாதத்தில், எந்த இடத்தில் என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் பகுதியில் புரட்டாசியில் விதைத்துத் தை, மாசியில் அறுப்போம். எதை விதைப்பது என்ற முடிவு ஆடி, ஆவணியில் வீட்டுத் திண்ணையில் எடுக்கப்படுகிறது. விதைக்கும் உரத்துக்கும் கடன் யார் தருவார்கள், மழை எப்படி இருக்கும், போன வருடம் படைப்புழு எவ்வளவு தின்றது என்பவைதான் அங்கே பேச்சு. மாசியில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டையோடு நிற்பவரிடம் போய், விடைப்பட்டியலில் எத்தனாலை முதலில் அச்சடித்து நீட்டினால், நல்ல விலை கிடைத்த மகிழ்ச்சியில் அவர் அதற்கு நேரே டிக் அடிக்கத்தான் செய்வார். மாசியில் கேட்டீர்களா, ஆவணியில் கேட்டீர்களா?

தீவனக்கணக்கு (நாமக்கல்):
இருவருமே வாங்குபவரை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் ஏறத்தாழ பாதி மக்காச்சோளம். பெரம்பலூர் மக்காச்சோளம் பெரும்பாலும் எங்கள் பக்கம்தான் வருகிறது, எத்தனால் ஆலைக்கு நேராகப் போவதில்லை. ஆனால் பீகாரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்த சரக்கில் ஒரு பங்கை வடக்கே ஆலைகள் இழுத்துக்கொண்டதால், உள்ளூர்ச் சரக்குக்கு நாங்கள் கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது. ஆகவே ஆய்வுமேசை சொல்வதிலும் பொருள் இருக்கிறது.

ஆய்வுமேசை:
நன்றி. தொழிலில் இருப்பவரே உறுதிசெய்கிறார்.

கரிசல்மண்:
அவர் உறுதிசெய்தது எங்களுக்கு விலை கூடியதை. நாங்கள் பயிர் மாறியதை அல்ல. அதோடு, தீவனக்கணக்கு ஐயா கூடுதல் விலை கொடுத்ததாக எழுதியது எனக்கு வேதனை தருகிறது. 2024இல் மக்காச்சோளத்தைத் தீர்வை இல்லாமல் இறக்குமதி செய்ய விடுங்கள் என்று டெல்லிக்குக் கோரிக்கை வைத்தது கோழித் தொழில்தான். அந்த ஆண்டு ஜூனில் 15 விழுக்காடு தீர்வையில் சுமார் 5 லட்சம் டன்னுக்கு அனுமதியும் வந்தது. அது மட்டுமா? ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள் வியாபாரிகள். என் களத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் ஈரமானியில் 14 காட்டிய அதே குவியல், வியாபாரியின் கருவிக்குள் போனதும் 17 காட்டியது. ஒவ்வொரு புள்ளிக்கும் எடையில் கழித்தார்கள். லாரி வந்து நிற்கும்போது திரும்ப அள்ளிக்கொண்டா போக முடியும்?

தீவனக்கணக்கு:
ஈரம் கூடிய சரக்கைக் கிடங்கில் அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு ஏறும். அதைத் தின்ற கோழியின் ஈரல் கெட்டு முட்டை குறைந்தால் அந்த நட்டத்தை யார் தருவார்கள்? மேல்குவியலில் காய்ந்ததைப் பரப்பி, அடியில் ஈரத்தை வைத்து ஏற்றிவிட்ட லாரிகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். கழிவு போடுபவர்கள் எல்லாரும் திருடர்கள் என்ற தொனி வேண்டாம்.

கடைமடை (திருவாரூர்):
முன்பு இதே குழுவில் நடந்த சின்ன வெங்காய விவாதத்திலும் கரிசல்மண் இப்படித்தான் ஈரமானிக் கதையைக் கொண்டுவந்து திசைதிருப்பினார். அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. எங்கள் டெல்டாவில் நெல் தரிசில் சிலர் மக்காச்சோளம் போட்டுப் பார்க்கிறார்கள். அவர்கள் பருத்தியை விட்டு வந்தவர்கள் அல்லர். பெரம்பலூர் மட்டும்தான் தமிழ்நாடா?

கரிசல்மண்:
தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்கு முன்னணி மாவட்டம் எது என்று கேட்டால் பெரம்பலூரைச் சொல்லாமல் நகர முடியாது. அதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கப் போவதுமில்லை. தரிசில் போட்டுப் பார்ப்பவர்கள் வேறு, அதை நம்பியே ஆண்டை ஓட்டுபவர்கள் வேறு. 2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட படைப்புழு அதே பருவத்தில் இங்கே வந்து, குருத்துக்குள் உட்கார்ந்து, ஈரமான மரத்தூள் போல எச்சத்தைத் தள்ளியபடி காடுகாடாகத் தின்றது. அப்போது எத்தனால் கிராக்கி இல்லை. ஆனாலும் மறு ஆண்டு விதைத்தோம், ஏனென்றால் பருத்திக்குத் திரும்ப ஆள் இல்லை. ஆய்வுமேசை, மாசியா ஆவணியா? இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

ஆய்வுமேசை:
கேள்வித்தாளும் களப்பணிக் காலமும் எங்கள் வாடிக்கையாளருக்கு உரியவை. பொதுவெளியில் வைக்க இயலாது. முறையியல் தெரிந்தவர்களுக்கு மாதம் ஒரு பொருட்டல்ல. எத்தனால் தேவை எதிர்காலத்திலும் பரப்பை உயர்த்தும் என்ற எங்கள் முடிவில் மாற்றமில்லை.

கரிசல்மண்:
எதிர்காலமா? 2025 ஜனவரியில் எத்தனாலுக்கான அரிசியின் விலையைக் குவிண்டாலுக்கு 2,800 ரூபாயிலிருந்து 2,250 ஆக அரசு குறைத்தது. அரிசி அந்த விலைக்குக் கிடைத்தால் ஆலைக்காரர் எதை வாங்குவார்? ஒரு அரசாணையில் வந்து இன்னொன்றில் போகும் தேவையைக் காட்டி, உங்கள் அறிக்கையைப் படித்த விதைக் கம்பெனியின் ஆட்கள் நாளை எங்கள் ஊருக்கு வந்து "இன்னும் ரெண்டு ஏக்கர் சேர்த்துப் போடுங்கள்" என்பார்கள். விலை இறங்கினால் மாசியில் களத்தில் உட்கார்ந்திருக்கப் போவது நாங்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம்கூட விலை முன்னறிவிப்பை விதைப்புக்கு முன்னாலேயே வெளியிடுகிறது. மாதம் ஒரு பொருட்டல்ல என்று அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

தீவனக்கணக்கு:
எத்தனால் ஆலையிலிருந்து வரும் சக்கையும் மலிவாகத் தீவனத்துக்கு வருகிறது. அந்தக் கணக்கை யாருமே எடுக்கவில்லை. ஈரப்பதம் பற்றி நான் கேட்டதற்கும் பதில் வரவில்லை.

கடைமடை:
வெங்காயத்துக்கும் வரவில்லை.

ஆய்வுமேசை:
எத்தனால்தான் காரணம் என்பதை விவசாயிகளே சொல்லியிருக்கிறார்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கரிசல்மண்:
எந்த விவசாயி, எந்த மாதத்தில்?