பங்களிப்புப் பட்டியல் அனுப்பும் உறவுகளுக்கு

அன்பின் ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

மாணவர் உதவிநிதிக் கணக்கு லண்டன், ரொறன்ரோ, சூரிச் என மூன்று இடங்களிலிருந்து மூன்று எக்செல் கோப்புகளாக வந்து சேர்ந்தது. ஒன்றாக்கி முடிக்க இரண்டு வார இறுதிகள் போயின. மனக்குறை ஒன்றுமில்லை, அடுத்த முறை ஒரு மாலையில் முடிக்க ஆசை, அவ்வளவுதான்.

முதலில் நிறம். ஒரு கோப்பில் பணம் தந்தவருக்குப் பச்சை, தருவதாகச் சொன்னவருக்கு மஞ்சள். திரையில் விளைந்த வேளாண்மை போல அழகாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டல் சூத்திரத்துக்கு நிறம் தெரியாது. செயலாளர் ஐயா பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிகுடிக்குப் போய்க் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தபோது, தந்தவரும் தராதவரும் ஒரே சாம்பலாகிவிட்டார்கள். தனி நிரல் ஒன்றில் ‘கிடைத்தது’, ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிவிடுங்கள். அதன் மேல் நிறமும் பூசுவது உங்கள் விருப்பம்.

தொகை நிரலில் இலக்கம் மட்டும் இருக்கட்டும். ‘200 பவுண்’ என்று சேர்த்து எழுதினால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு, கூட்டும்போது ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டுவிடும். மொத்தம் குறைந்ததும் நான் முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். எந்த நாணயம் என்று எழுதப் பக்கத்தில் இன்னொரு நிரல் போதும்.

திகதி இன்னும் மோசம். 03/04 என்றால் லண்டன் அண்ணனுக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அமைந்த கணினிக்கு மார்ச் 4. அந்தக் கணினியில் 25/04 என்று இட்டால் திகதியாகவே ஏற்காமல் இடப்பக்கம் ஒதுக்கி வைக்கும், பிழை கண்ணில் படும். நாள் 12க்கு மேற்படாவிட்டால்தான் ஆபத்து, சத்தமில்லாமல் மாதம் மாறிவிடும். ஆகவே எல்லோரும் 2025-04-03 என்று ஆண்டை முன்னால் வைத்தே எழுதுவோம்.

தொலைபேசி, அடையாள அட்டை, வங்கிக் கணக்கிலக்கம் ஆகிய நிரல்களைத் தட்டச்சிடுமுன் ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் 077இன் முன் பூச்சியம் உதிர்ந்துவிடும். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணில் மிச்சமெல்லாம் பூச்சியமாகும். பிறகு வடிவத்தை மாற்றியும் மீட்க முடியாது.

பெயர்களைப் பாமினியில் அடிக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு இன்னும் விடவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் பெயர்களுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். யுனிகோட்டில் எழுதுங்கள். கலங்களை இணைத்துத் தலைப்பை நடுவில் வைக்கும் அலங்காரமும் வேண்டாம், வரிசைப்படுத்தும்போது வழிமறிக்கும்.

ஊரில் பெரும்பாலானோர் பட்டியலைக் கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். தலைப்பு நிரையை ‘ஃப்ரீஸ்’ செய்துவிட்டால் அறுபதாவது பெயருக்கு வரும்போதும் எந்த நிரல் எதற்கென்று தெரியும். அச்சுக்கு அனுப்புவதானால் தலைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் வருமாறு ‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ பகுதியில் குறித்துவிடுங்கள். ரொறன்ரோத் தம்பிமார் தாள் அளவை ஏ4 ஆக்க வேண்டும். அங்குள்ள ‘லெட்டர்’ தாள் நம் ஊர்க் கடைகளில் இல்லை.

வெற்றுக் கோப்பு ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதிலேயே நிரப்பி அனுப்புங்கள். புதிய நிரல் தேவைப்பட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மூன்று கோப்பிலும் சேர்த்துவிடுகிறேன்.