புதுப்பிப்பு: தொய்வுக் குளிசையும் அம்மாவின் சீனி அளவும்

தொய்வுக்காக (ஆஸ்துமா) பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை தொடங்கியபின், நீரிழிவுள்ள அம்மாவின் இரத்தச் சீனி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 290 வரை ஏறியதையும், காலையில் வெறும் வயிற்றில் 118 ஆகவே நின்றதையும் சென்ற மாதம் எழுதி, சீனி அளக்கும் மானி பழுதோ என்று கேட்டிருந்தேன். மானி பழுதில்லை. காலையில் எடுக்கும் அந்தக் குளிசை ஈரலிலிருந்து குளுக்கோசு வெளியேறுவதைக் கூட்டி இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், அதன் விளைவு பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலுமே தெரியும் என்றும், காலை அளவை மட்டும் நம்பக்கூடாது என்றும் யாழ்ப்பாணத்தில் நாங்கள் காட்டும் வைத்தியர் விளக்கினார். அதற்காக அவர் கூட்டிய கிளிக்லசைட் என்ற சீனி குறைக்கும் குளிசையை, பிரெட்னிசொலோன் நின்றதும் பழைய அளவுக்கே குறைத்தார். அந்தக் குறைப்புத் தவறினால் சீனி ஆபத்தாக இறங்கிவிடும் என்பதே எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

தொற்றுகளுக்குக் கொடுக்கப்படும் கிளாரித்ரோமைசின், சிப்ரோபுளொக்சசின், கோட்ரைமொக்சசோல் ஆகியனவும் கிளிக்லசைட்டோடு சேரும்போது சீனியை இறக்கக்கூடும். பெரியப்பா எடுக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும் குளிசையான புரோபிரனலோலோ (தொய்வு இருப்பதால் அம்மாவுக்கு அது ஆகாது) சீனி இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வைதான் மிஞ்சும் அறிகுறி.

இப்போது எந்த வைத்தியரிடம் போனாலும் எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் கொண்டுபோகிறோம். அம்மா நாள்தோறும் குடிக்கும் பாவற்காய்ச் சாற்றையும் மறைக்காமல் சொல்கிறோம், ஏனெனில் அதுவும் சீனியைக் குறைக்கக்கூடியது.