மறு: ஆல்கலினிட்டிக்குத் தமிழ்ச் சொல் – ‘காரத்தன்மை’ வேண்டாமே, ‘கார இருப்பு’ எப்படி?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளுக்கான கலைச்சொல் பட்டியலில் ஆல்கலினிட்டிக்கு (நீர் எவ்வளவு அமிலத்தை வாங்கிக்கொள்ளும் என்ற அளவு) நேராகக் ‘காரத்தன்மை’ என்று போட்டு, பெரும்பாலோர் சரி என்றும் சொல்லிவிட்டீர்கள். பட்டியலை முடிப்பதற்குள் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு சொல்லின் குழப்பத்தால் நான் பவளங்களை இழந்திருக்கிறேன்.

தொட்டி வைத்த முதல் ஆண்டு. காலையில் விளக்கு எரிவதற்கு முன் பிஎச் (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) பார்த்தால் 7.9. என்னிடம் இருந்த தமிழ்க் குறிப்பில் “காரத்தன்மை குறைந்தால் சோடியம் கார்பனேட் கரைசல் சேர்க்கவும்” என்று இருந்தது. பிஎச் குறைந்தால் காரத்தன்மை குறைந்ததாகத்தானே பொருள் என்று மூன்று நாள் விடாமல் ஊற்றினேன். முந்தின வாரம் சோதனைக் கிட்டில் ‘கேஎச்’ என்று அளந்து எழுதிவைத்த எண் 8. அதுதான் ஆல்கலினிட்டி என்பதே எனக்குத் தெரியாது. நான்காம் நாள் அதை அளந்தபோது 12. அந்த வாரத்திலேயே அக்ரோபோரா என்னும் கிளைப்பவளத்தின் நுனிகளில் அரிசி அளவுக்குச் சதை உரிந்து வெள்ளைக் கூடு தெரிந்தது. ஊதா நிறக் கிளை ஒன்று அடிவரை போய்விட்டது. பிஎச் குறைந்ததற்குக் காரணம், அடைத்த அறையில் இரவெல்லாம் சேர்ந்த கரியமில வாயு. ஜன்னலைத் திறந்து வைத்ததும் 8.1க்கு வந்துவிட்டது.

இதில்தான் விஷயமே இருக்கிறது. நீரில் கரியமில வாயு கரைந்தால் பிஎச் இறங்கும், ஆல்கலினிட்டி அசையாது. சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினால் ஆல்கலினிட்டி ஏறும். பிஎச் அந்த நேரத்துக்குச் சற்று இறங்கக்கூடச் செய்யும். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கக்கூடிய இரண்டு அளவுகள் இவை. ‘காரத்தன்மை’ என்று கேட்டதும் யாருக்கும் முதலில் தோன்றுவது பிஎச் தான். அதே சொல்லை ஆல்கலினிட்டிக்கும் கொடுத்தால் புதிதாக வருகிறவர் தடுமாறத்தான் செய்வார்.

சரி, ஆல்கலினிட்டி என்பது உண்மையில் என்ன? சோதனையைச் செய்து பார்த்தாலே விளங்கிவிடும். 5 மில்லி தொட்டி நீரை எடுத்து, நிறங்காட்டி கலந்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குகிறோம். முதல் சொட்டிலேயே நீர் நீலமாகிறது. இரண்டு, மூன்று, நான்கு, நீலம்தான். ஏழாவது வரை நீலம். எட்டாவது சொட்டில் சட்டென்று மஞ்சள். ஒரு சொட்டுக்கு 1 டிகேஎச் (கேஎச்சை அளக்கும் அலகு) என்ற கணக்கில் நம் எண் 8. நீரில் உள்ள பைகார்பனேட்டும் கார்பனேட்டும், சிறிதளவு போரேட்டும் சேர்ந்து அதுவரை அமிலத்தை வாங்கிக்கொண்டன. கையில் இருந்தது தீர்ந்ததும் நிறம் மாறியது. எவ்வளவு இருந்தது என்பதைத்தான் அளந்தோம்.

அதனால்தான் ‘கார இருப்பு’ என்கிறேன்.

இழையில் வந்த மற்ற பரிந்துரைகளையும் எடுத்துப் பார்த்தேன்.

> கிட்டில் உள்ளபடியே ‘கார்பனேட் கடினத்தன்மை’ என்று விட்டுவிடலாமே?

கிட்டில் உள்ள கேஎச் என்பது இந்தப் பெயரின் ஜெர்மன் சொல்லுக்கான சுருக்கம். கடினத்தன்மை என்பது கால்சியமும் மக்னீசியமும் சார்ந்தது. கடல்நீரில் மக்னீசியம் மட்டுமே 1,300 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவுக்கு இருக்கிறது; இந்தப் பெயர் அங்கே எதையும் விளக்காது.

> ‘தாங்கல் திறன்’ அழகான சொல்.

அழகுதான், நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் பாடநூல்களில் அது பஃபர் கெப்பாசிட்டிக்குப் போய்விட்டது. பிஎச் ஓர் அலகு மாற எவ்வளவு அமிலமோ காரமோ தேவை என்பது அது. நாம் அளப்பது மொத்த இருப்பை.

> ‘அமில ஏற்பளவு’?

வரையறைப்படி இதில் குறையே இல்லை. ஆனால் வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். “அமில ஏற்பளவு நேற்றைவிடக் குறைந்துவிட்டது, கொஞ்சம் ஏற்ற வேண்டும்.” நாக்கு தயங்குகிறது. “இருப்பு குறைந்துவிட்டது, கொஞ்சம் ஏற்றணும்” என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பவளம் கூடு கட்டக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொண்டே இருக்கிறது. செலவாவது, தீர்வது, நிரப்புவது எல்லாமே ‘இருப்பு’ என்ற சொல்லோடு இயல்பாகச் சேர்கின்றன.

இன்னொரு வசதியும் உண்டு. பவளம் 1 டிகேஎச் எடுத்துக்கொள்ளும்போது கால்சியம் ஏறக்குறைய 7 பிபிஎம் தான் குறையும். கால்சியம் 420லிருந்து 413 ஆவது வீட்டுக் கிட்டில் தெரியவே தெரியாது. 8 என்பது 7 ஆவது உடனே தெரியும், அதுவும் எட்டில் ஒரு பங்கு. சிறிய இருப்புதான் முதலில் தீரும் என்று சொன்னால், நிறையக் கிளைப்பவளம் வைத்திருப்பவர்கள் ஏன் இதைத் தினமும் அளக்கிறார்கள் என்பது தானாகப் புரிந்துவிடும்.

நிறத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்டிருந்தார். பச்சை, நீலம், ஊதா எல்லாம் பெரும்பாலும் பவளத்தின் சொந்தப் புரதங்களின் நிறம். பழுப்பு, சதைக்குள் வாழும் நுண்பாசியின் நிறம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் பாசி பெருகிப் பழுப்பு மேலோங்கும். அவை இரண்டும் சுழியை ஒட்டி இருக்கும் தொட்டியில் கார இருப்பை 11, 12 என்று வைத்தால் எனக்கு நடந்ததுபோல நுனி போகும். 7லிருந்து 9க்குள் ஓர் எண்ணைத் தேர்ந்து அதிலேயே நிற்பது நல்லது. எந்த எண் என்பதைவிட அது ஆடாமல் இருப்பதுதான் பவளத்துக்கு முக்கியம்.

நுனி போவதைப் பட்டியலில் ‘வெளிறல்’ என்பதற்குள் சேர்த்திருக்கிறீர்கள், அதையும் பிரிக்க வேண்டும். வெளிறலில் பாசிதான் போகிறது. சதை கண்ணாடிபோல மேலே இருக்கும், பிழைக்க வழி உண்டு. இங்கே சதையே போய்விடுகிறது. ‘நுனிக்கருகல்’ என்றால் கறுப்பு நினைவுக்கு வரும். ‘நுனி உரிதல்’ என்று வைக்கலாம்.

எழுத்து பற்றி ஒன்று. ‘கார இருப்பு’ என்று பிரித்தே எழுத வேண்டும். சேர்த்தால் ‘காரவிருப்பு’ ஆகி, காரத்தின் மேல் விருப்பம் என்று படிக்க இடம் கொடுக்கும். ‘காரக் கையிருப்பு’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் நீளம். பாடநூலில் காரத்தன்மை என்றுதானே படித்தோம் என்ற வாதம் நியாயமானது. அதனால் அந்தச் சொல்லைத் தேடி வருபவருக்கும் வழி இருக்கட்டும். பட்டியலில் இப்படிப் போடலாம்:

கார இருப்பு – நீர் தன் பிஎச் ஏறத்தாழ 4.5க்கு இறங்கும்வரை வாங்கிக்கொள்ளக்கூடிய அமிலத்தின் அளவு, அலகு டிகேஎச். பாடநூல் வழக்கு: காரத்தன்மை. பிஎச் வேறு, இது வேறு.

மாற்று இருந்தால் எழுதுங்கள். வாக்கியத்தில் போட்டுக் காட்டியே எழுதுங்கள்.